ஆரோக்கியசாமியும் அந்தப் பழைய சிஸ்டமும்

செய்தி வந்தபோது நான் வங்கியில் நின்று, உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு கருவிக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிற நாம் எல்லோரும் ஆண்டுக்கொரு முறை செய்கிற காரியம்தான். கிரேனின் இரும்புப் பிடிகளில் தேய்ந்துபோன என் விரல்களை அந்தக் கண்ணாடிச் சில்லு ஏற்றுக்கொள்ளவில்லை. "தாத்தா, வேற விரல் வைங்க" என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். சட்டைப் பையில் போன் அடித்தது. ஆரோக்கியசாமியின் மகள் பிலோமினா. அவள் எப்போதும் "துன்னியா பெரிப்பா?" என்று சாப்பாட்டை விசாரித்துத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"நைனா எழுந்துக்கல பெரிப்பா. எய்ப்பி எய்ப்பிப் பாத்துட்டேன்."

"மூச்சு கீதா பாரும்மா."

"இல்ல பெரிப்பா."

அந்த நேரம் பார்த்துக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. "வந்துருச்சு தாத்தா, உயிரோட இருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். ஆரோக்கியசாமி கேட்டிருந்தால் இருமல் வரும்வரை சிரித்திருப்பார்.

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரை அஞ்சா நெஞ்சர் என்றார்கள். நான் எழுந்து மறுத்தேன். "பெரியவரே, துக்க நேரத்துல வேணாம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் அஞ்சா நெஞ்சர் இல்லை. வேலைக்கு வந்த காலம் முழுவதும் பயந்தார். அதை மறைக்கவும் இல்லை. நீங்களே அவரைப் 'பயந்தாங்கொள்ளி' என்று அவர் காதுபடக் கூப்பிட்டவர்கள். செத்துப்போனார் என்பதற்காக இப்போது மாற்றிப் பேசாதீர்கள்.

இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிரேன் ஓட்டினேன், அவர் சிக்னல்மேன். மேலே கூண்டில் இருப்பவனுக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. விளிம்பில் நிற்கிறவரின் கைதான் அவனுக்குக் கண். கை உயர்ந்தால் தூக்க வேண்டும். உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிறுத்த வேண்டும். கை தாழ்ந்தால் இறக்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. முதலாளியே கத்தினாலும் கையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளங்கையை விரித்துவிட்டார். மேஸ்திரி கீழேயிருந்து, "இறக்குடா, இறக்கு!" என்று குதித்தார். கை விரிந்தபடியே இருந்தது. நான் அசையவில்லை. கடைசியில் நாலு பேர் உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். ஆளும் இல்லை, தடையும் இல்லை. வெறும் தரை. அன்று சாப்பாட்டு வேளை முழுவதும் எல்லோரும் அவரை வைத்துச் சிரித்தார்கள். "இன்னாய்யா பாத்த?" என்று நானும் கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கல மாமு. பயமா இருந்திச்சி, அவ்ளோதான்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சிரிக்கிறானுங்க. சிரிக்கட்டும். சிரிக்கறதுக்கு ஆள் இருக்கான் இல்ல?"

வெள்ளம் வந்தபோதும் இதே கதைதான். என் வீடு சடையங்குப்பத்தில். வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது நான் கட்டிலின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டை விட்டு என்னை யாரும் கிளப்ப முடியாது என்பது என் கட்சி. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஆரோக்கியசாமி, இடுப்பளவுத் தண்ணீரில் என் வாசலில் நின்று அழுதார். ஆமாம், அழுதார். "உனுக்குப் பயம் இல்லன்னா எனுக்காவது கீதே, என்ன ஏன்யா சாவடிக்கிற?" என்றார். அவருடைய அழுகையைப் பார்க்கச் சகிக்காமல்தான் வேனில் ஏறினேன். தண்ணீருக்கு நான் பயப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

கணவனைப் பிரிந்து வந்த பிலோமினா, தண்டையார்பேட்டையில் அப்பாவின் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் ஒன்றைப் போட்டிருந்தாள். கல்யாண ரவிக்கைகளுக்குப் பூ வேலை, கோவில் பீடத் துணிகளுக்கு ஓர வேலை. டிசைன்கள் கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குப் போகும். அந்தக் கம்ப்யூட்டரை இயக்க அதற்குள் இரண்டு சிஸ்டங்கள் இருந்தன. வாங்கும்போதே இருந்தது பழையது. டிசைன் வேலைக்காக வியாபாரி பின்னால் ஏற்றிக் கொடுத்தது புதியது. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து, எது வேண்டும் என்று கேட்கும். கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் விட்டால் அதுவே பழையதைத் திறந்துகொள்ளும்.

நான் கற்றது அந்தப் பழையதில். கற்றுத் தரச் சொல்லி என் மகனிடம் கேட்டேன், "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்றான். அதன் பிறகு யாரையும் கேட்கவில்லை. மூர் மார்க்கெட்டில் தடித்த பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். மதிய வேளைகளில் ஆரோக்கியசாமியின் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். எண்ணூர்ச் சாம்பல் பற்றி, சடையங்குப்பம் வடிகால் பற்றி, நம் ஓய்வூதியம் பற்றி நான் எழுதிய மனுக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்தத் தமிழ் எழுத்துரு புதியதில் சரியாக ஏறாது. ஏற்றினால் கோழி கிளறியது போல வரும். நம் சங்கத்தின் பெயரில் போன அந்த மனுக்களை எழுதியது யார் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

ஒரு காலையில் பிலோமினா அவசரத்தில் தவறான வரியை அழுத்திவிட்டாள். பழையது திறந்து, தானாகவே ஹார்ட் டிஸ்க் வட்டைச் சோதிக்க ஆரம்பித்து, ஒரு கல்யாணப் பெண்ணுக்காக அவள் வரைந்து வைத்திருந்த டிசைன்களைத் தின்றுவிட்டது. அதிலிருந்து அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். தினமும் காலையில் அப்பாதான் சுவிட்சைப் போட்டு, சரியான வரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, "வாம்மா, போயிட்டான்" என்பார். கறுப்புத் திரைக்கு அவர் வைத்திருந்த மரியாதை அது.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. ஒருநாள் என்னிடம், "மாமு, பழச அழிச்சிடலாம்" என்றார்.

"முடியாது" என்றேன்.

"நான் பூட்டா யாரு சுச்சி போடுவா? இவ மெஷின் நின்னுடும்யா."

புதியதையே தானாகத் திறக்கும்படி மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்றியும் கொடுத்தேன். கறுப்புத் திரை வருவது நிற்கவில்லை. பிலோமினா எழுந்து ஓடுவதும் நிற்கவில்லை. "கேள்வின்னு ஒண்ணு கீதுன்னா, தப்புப் பதிலும் கூடவே கீது மாமு. கேள்வியே வரக் கூடாது" என்றார்.

"அந்த வாசப்படியாலதான்யா நான் உள்ள வந்தேன்."

"வந்துட்ட இல்ல? இன்னும் இன்னாத்துக்கு அத்தத் தொறந்து வெச்சிகினு? செத்த பொணத்தக் கூடத்துல வெச்சிகினு, அதுக்கு டெய்லி ஃபேன் போட்டுகினு…"

"என் மனுவெல்லாம் பொணமா?"

"உன் மனுவ எவன் படிச்சான், சொல்லு?"

அதற்குப் பிறகு பல நாள் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அவர் சொன்னதில் தவறில்லை, அதனால்தான் போகவில்லை. கடைசியில் பிலோமினா மீன் குழம்போடு வந்து நின்றாள். "நைனா ராத்திரில தூங்கறது இல்ல பெரிப்பா. தான் பூட்டா நான் இன்னா பண்ணுவேன்னே பேசிகினு கீது" என்றாள். ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தேன். அழிப்பதானால் என் கையால்தான் அழிப்பேன். கடைக்காரன் எவனும் அதைத் தொடக் கூடாது.

அவர் சம்மதித்தார். அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: "நீ மவுஸப் புடி. நான் பின்னால நிக்கிறேன். கை பாத்துதான் அமுத்தணும்." திரையின் பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தோம், அவருடைய கை எனக்குத் தெரிவதற்காக. இரண்டு கிழவர்கள் கண்ணாடி வைத்துக் கம்ப்யூட்டர் பார்ப்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு வேறு வழியில் வேலை செய்து பழக்கம் இல்லை.

டிசைன்களையும் என் மனுக்களையும் முதலில் பிரதி எடுத்து வைத்தோம். பயந்த மனிதர் அல்லவா, மறுபடியும் ஒரு பிரதி எடுக்கச் சொன்னார். பிறகு புதிய சிஸ்டத்துக்குள் இருந்தபடியே பழையதை அழிக்கப் பார்த்தேன். 'அழி' என்கிற கட்டளை சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது, அழுத்த வரவில்லை. "அதுவே வேணான்னு சொல்லுது. உட்டுடு" என்றார் ஆரோக்கியசாமி. நான் விடவில்லை. சிஸ்டம் ஏற்றும் சி.டி. தகட்டைப் போட்டு, வெளியிலிருந்து அழிக்கும் வழி என் புத்தகத்தில் இருந்தது. அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க இன்னும் சில நாள் ஆயிற்று.

அன்று பிற்பகல் பிலோமினா ஜரிகை நூல் வாங்க வெளியே போயிருந்தாள். மெஷின் சட்டத்தில் கல்யாண ரவிக்கை ஒன்று பாதிப் பூவோடு நின்றிருந்தது. ராயபுரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தகட்டைப் போட்டேன். வட்டின் பகுதிகள் வரிசையாகத் திரையில் வந்தன. "முதல் பகுதி. பழசு. அழிக்கப்போறேன்" என்று உரக்கச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். கண்ணாடியில் அவருடைய உள்ளங்கை விரிந்து நின்றது. நிறுத்தச் சொல்கிறார். நான் காத்திருந்தேன். அவர் முன்னால் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் ஒன்று வந்தது. கை தாழ்ந்தது.

நான் அழுத்தினேன்.

"நான் சொல்லலியே!"

"கை எறங்கிச்சே!"

"இருமினேன்யா!"

"கை எறங்கினா எறக்கணும். வேலைல அதான் சட்டம்."

அவர் கை ஏன் விரிந்திருந்தது என்று பிறகுதான் சொன்னார். மற்ற பகுதிகளுக்கு நேரே இல்லாத ஒரு சொல் அந்த முதல் பகுதிக்கு நேரே மட்டும் இருந்ததாம். அது என்ன என்று கேட்க நினைத்தாராம். அந்தச் சொல்லின் பொருள் என்னவென்று கம்ப்யூட்டரை மறுபடி போட்டபோது இருவருக்கும் தெரிந்தது. இரண்டு சிஸ்டங்களையும் திறக்கிற சிறு கோப்பு பழையதின் பகுதிக்குள்தான் இருந்திருக்கிறது. கறுப்புத் திரையில் ஒற்றை வரி மட்டும் வந்தது: திறக்க வேண்டியதைக் காணோம். மறுபடி போட்டேன். அதே வரி.

நான் உயரத்தில் வேலை செய்தவன். காற்றில் கூண்டு ஆடும்போது கீழே பார்த்துப் பழகியவன். அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். டிசைன்களுக்குப் பிரதி இருந்தது. ஆனால் டிசைன் சாப்ட்வேரை மறுபடி ஏற்ற வழியில்லை. ஏற்றிக் கொடுத்த வியாபாரி எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். கடையில் கொடுத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். அதோடு அந்தப் பெண்ணின் பிழைப்பும் போய்விடும்.

பிலோமினா நூலோடு உள்ளே வந்தாள். "இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது?"

நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர், "அழிச்சிட்டோம்மா. உன்னுதும் தொறக்கல" என்றார்.

அவள் நூல் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

என் புத்தகத்தைப் புரட்டினேன். அதே தகட்டில் பழுதுபார்க்கும் வழி ஒன்று இருந்தது. ஆனால் எந்தப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை முதலில் நாம் காட்ட வேண்டும். அதைக் காட்டுகிற அந்தத் திரையிலேயே, ஒரு வரி தவறினால் மிச்சமும் அழிந்துபோகும். நான் மவுஸைப் பிடித்தேன்.

"மாமு, பயமா கீதா?"

"இல்ல."

"அப்ப தொடாத."

"யோவ், கல்யாண ரவிக்கை நிக்குது…"

"நிக்கட்டும். பயம் வர்ற வரைக்கும் தொடாத."

பிலோமினா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து, பெண்கள் குடங்களோடு சண்டை போடும் சத்தம் கேட்டது. அது போகும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதிகாரிக்கும், பெற்ற மகனுக்கும், வெள்ளத்துக்கும் நான் ஒத்துக்கொண்டது கிடையாது.

"கீது" என்றேன்.

"இன்னா கீது?"

"பயம்யா. பயமா கீது."

"இப்ப பண்ணு" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ எழுந்து என் எடத்துல நில்லும்மா. என் கை இருமற கை. கறுப்புத் திரைய நல்லா பாரு. சந்தேகம் வந்தா கைய விரிச்சிக் காட்டு, போதும்" என்றார்.

"எனுக்கு அத்தப் பாக்கவே கால் ஆடுது நைனா."

"ஆடட்டும். ஆடிகினே நில்லு."

அவள் நின்றாள். அழிந்த இடம் எது, அவளுடைய பகுதி எது என்று நான் அளவைச் சொன்னேன். அவள் திரையில் விரல் வைத்துப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். கண்ணாடியில் அவள் உள்ளங்கை நெடுநேரம் விரிந்தே இருந்தது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. அழுத்தினேன். பழுதுபார்ப்பை முதலில் ஓட்டியபோது அதே ஒற்றை வரி வந்தது. மறுபடி ஓட்டினேன், அப்போதும் அதே வரி. ஒரு தடவையில் முடியாமல் போகலாம் என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த தடவை கறுப்புத் திரை வந்து, எதையும் கேட்காமல் விலகி, அவள் முகப்பில் வைத்திருந்த பூப் படம் தெரிந்தது.

ஆரோக்கியசாமி மகிழ்ச்சியெல்லாம் காட்டவில்லை. "அணைச்சிட்டு மறுபடி போடு" என்றார். போட்டேன். "மறுபடியும்" என்றார். அதன் பிறகு மகளைக் கூப்பிட்டு, "இப்ப நீ போடு" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். "கண்ணத் தொறடி, கேள்வி இல்ல" என்ற பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

ரவிக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கை இறங்கியதா, இருமலா என்கிற வழக்கு மட்டும் தீரவில்லை. கடைசியாக அவரைப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். "இருமல்தான் மாமு" என்றார். "எறங்கிச்சி" என்றேன். "போடா" என்றார். நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. என் பக்கத்தில் தவறில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். பழையதை வைத்திருக்கலாம் என்றும் சொல்வேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நான் அந்த வீட்டில் இருந்தேன். உறவினர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். முடித்துக் கொடுக்க வேண்டிய துணி ஒன்று பிலோமினாவிடம் இருந்தது. அவள் எழுந்ததும் அத்தைக்காரி, "சாவு வூட்ல மெஷின் ஓட்டுவியாடி? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றாள்.

"அந்த நாலு பேரு வந்து எனுக்கு சுச்சி போடுவாங்களா அத்த?" என்றாள் பிலோமினா.

அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றாள். திறக்காவிட்டால்? அன்றைக்கு ஒட்டவைத்தது இன்றைக்குப் பிரிந்திருந்தால்? அவர் இல்லாத வீட்டில் அந்த ஒற்றை வரி வந்தால் நான் யாரைப் பார்ப்பேன்? எழுந்து போய்த் தடுத்துவிடலாமா என்றுகூட இருந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். திரை கறுத்தது. எதுவும் கேட்கவில்லை. பூ வந்தது.

அவள் உடனே மெஷினை ஓட்டிவிடவில்லை. சட்டத்தைக் கழற்றித் துணியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடி பார்த்தாள். பிறகுதான் ஊசி இறங்கியது. அந்தச் சத்தத்தில் அத்தைக்காரி வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவருடைய சட்டைகளை உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று பிலோமினா கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். நான் எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. இந்த வயதில் எனக்கு வந்து சேர்ந்தது. இரவலாகவும் தர மாட்டேன், யார் சொன்னாலும் விட மாட்டேன். நீங்கள் சிரிக்கலாம்.